கட்டம் போட்டுக் கதை எழுதலாம்: தொடக்கப்பள்ளித் தமிழ் வகுப்பில் செயல்தாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் என் சம்பளத்தில் ஒரு பங்கு ஜெராக்ஸ் கடைக்கே போனது. இரண்டாம் வகுப்புக்கு எழுத்துக்கு ஒரு தாள். 'ப' என்றால் மேலே ஒரு பட்டத்தின் படம், வண்ணம் தீட்டு. கீழே புள்ளிக்கோட்டில் 'பட்டம்' என்று பத்து முறை எழுது. தாளைக் கொடுத்துவிட்டால் வகுப்பு கப்சிப். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். நானும் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஒரு பையன் தாளை முடித்துக் கொண்டுவந்தான். நான்கு வண்ணம், நீண்ட வால், பத்து முறை எழுத்து, எல்லாம் சுத்தமாக இருந்தது. எழுதியிருந்த சொல்லைத் தொட்டு, "இது என்னடா தம்பி?" என்றேன்.

"காத்தாடி டீச்சர்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. எங்கள் ஊரில் அதற்குக் காத்தாடி என்றுதான் பெயர். அவன் படித்தது படத்தை, சொல்லை அல்ல. அந்தச் சொல்லைப் பத்து முறை எழுதியும் ஒரு முறைகூட வாசிக்கவில்லை. அதற்கப்புறம்தான் செயல்தாள் என்றால் என்ன, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று யோசிக்க ஆரம்பித்தேன். புதிதாக வகுப்புக்குப் போகிற ஆசிரியர்களுக்கும், மாலை நேர மையங்களில் சொல்லிக்கொடுக்கிற தன்னார்வலர்களுக்கும், வீட்டில் பிள்ளைக்குத் தமிழ் எழுதப் பழக்குகிற பெற்றோருக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எது பயிற்சித்தாள், எது வரைபடத் தாள்

இரண்டையும் நாம் செயல்தாள் என்றே சொல்லிவிடுகிறோம். வேலை வேறு வேறு. கோடிட்ட இடத்தை நிரப்புவது, பொருத்துவது, சரியான சொல்லை வட்டமிடுவது எல்லாம் பயிற்சித்தாள். ஏற்கெனவே சொல்லிக்கொடுத்தது கையில் படிவதற்கானது. புதிதாக ஒன்றைச் சொல்லித் தர அதனால் ஆகாது. என் பட்டத் தாள் தோற்றதும் அதனால்தான்.

வரைபடத் தாள் என்பது கட்டம், வட்டம், அம்புக்குறி போட்டு, மனதில் கலந்து கிடப்பதைப் பிரித்து வைக்க உதவுவது. கதை வரைபடம், சொல் வரைபடம், ஒப்பீட்டு அட்டவணை எல்லாம் இந்த வகை. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாமே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றலையும் மேல் வகுப்புகளில் மனவரைபடத்தையும் பார்த்த மூத்த ஆசிரியர்களுக்கு இது புதிதில்லை. செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பிள்ளைகளின் தாள்களைத் தொங்கவிட அன்று வகுப்பில் தலைக்கு மேல் கட்டிய கம்பிப்பந்தலும், சுவரோரம் பிள்ளைகள் உயரத்துக்கு அடித்த கீழ்மட்டக் கரும்பலகையும் சில பள்ளிகளில் இன்னும் இருக்கின்றன. உங்கள் பள்ளியில் இருந்தால் விடாதீர்கள், பின்னால் பயன்படும்.

நாம் பயன்படுத்தும் வரைபடங்களில் பல வெளியூர்ச் சரக்கு. ஒரு சொல்லை நான்கு கட்டமாகப் பிரிப்பது 1969-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டோரதி ஃப்ரேயரும் உடனிருந்தவர்களும் கொண்டுவந்தது. ஒப்பிடப் போடும் இரட்டை வட்டம் ஜான் வென் என்ற ஆங்கிலேயர் 1880-இல் தர்க்கத்துக்காக வரைந்தது. இவற்றில் எதுவும் தமிழை மனதில் வைத்துச் செய்ததல்ல. அப்படியே இறக்கினால் எங்கெங்கே இடிக்கும் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதல் படி: ஒற்றுக்கு ஒரு கட்டம்

எழுத்து நிலையில் இருக்கும் பிள்ளைக்குக் கதை வரைபடம் கொடுத்துப் பயனில்லை. அங்கே வேண்டியது எழுத்துக் கட்டம். எல்கோனின் என்ற ரஷ்ய உளவியலாளர் ஒலிக்கு ஒரு கட்டம் என்று போட்டார். தமிழில் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இது தேவை? 'பட்டம்' என்ற சொல்லைக் கைதட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். பிள்ளை 'பட்-டம்' என்று இரண்டு தட்டுத் தட்டும். ஆனால் எழுத்து நான்கு: ப, ட், ட, ம். காதுக்கு இரண்டாகக் கேட்பது கண்ணுக்கு நான்காக இருக்கிறது. சொல்வதை எழுதச் சொன்னால் பாதிப் பேர் 'படம்' என்று எழுதுவது இதனால்தான். கவனக்குறைவு என்று திட்டிப் பயனில்லை. ஒற்றுக்கு இடம் இருக்கிறது என்பதே பிள்ளைக்குத் தெரியவில்லை.

தாளில் ஒற்று வரும் இடத்தில் மட்டும் கட்டத்தைப் பாதி அகலத்தில் போடுங்கள். பெரியது, சின்னது, பெரியது, சின்னது. மேலே ஒன்றும் எழுத வேண்டாம். முதலில் புளியங்கொட்டை. நீங்கள் சொல்லை மெதுவாகச் சொல்லச் சொல்ல, பிள்ளை கட்டத்துக்கு ஒரு கொட்டை வைக்கட்டும். பெரிய கட்டத்துக்குக் கொட்டை, சின்ன கட்டத்துக்கு உளுந்து என்று நான் வைத்துக்கொள்வேன். இரண்டு மூன்று நாள் கொட்டை ஓடட்டும். அப்புறம் எழுத்து.

ஜோடி ஜோடியாகக் கொடுத்தால்தான் வித்தியாசம் பிடிபடும். படம், பட்டம். பாடு, பாட்டு. மடம், மட்டம். அடை, அட்டை. ஒரே தாளில் மேலும் கீழுமாக இந்தச் சொற்களுக்குக் கட்டம் போடுங்கள். பாடு என்பதற்கு இரண்டு கட்டம், பாட்டு என்பதற்கு நடுவில் ஒரு சின்ன கட்டம். கட்டத்தைப் பார்த்த உடனேயே "டீச்சர், இதுல ஒண்ணு ஒளிஞ்சிருக்கு" என்று ஒரு பிள்ளை சொல்லும். அன்றைக்குப் பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கொம்பு வைத்த எழுத்துகளில் வேறு ஒரு சிக்கல். 'கொ' என்று சொல்லும்போது முதலில் கேட்பது க. எழுதும்போது முதலில் வருவது ஒற்றைக் கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். கேட்கும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒத்துப்போவதில்லை. எனவே கட்டத்துக்குள் 'கொ' என்பதை ஒரே எழுத்தாக, ஒரே கட்டத்தில் வையுங்கள். கொம்புக்கு ஒரு கட்டம், காலுக்கு ஒரு கட்டம் என்று மூன்றாகப் போட்ட தாள்களைப் பார்த்திருக்கிறேன். அதில் பழகிய பிள்ளை 'கெ' வாசித்துவிட்டு 'ா' எங்கே சேர்ப்பது என்று முழிக்கும்.

216 உயிர்மெய்யையும் ஒரே அட்டவணையில் போட்டு நிரப்பச் சொல்வது பற்றி ஒரு வார்த்தை. வரிசை தெரிந்துவிட்டால் பிள்ளை யோசிக்காமல் பத்தி பத்தியாகக் குறியைப் போட்டுக்கொண்டே போகும். முதலில் க, ங, ச என்று வரிசை முழுக்க எழுதி, அப்புறம் எல்லாவற்றுக்கும் கால் போட்டு, அப்புறம் எல்லாவற்றுக்கும் கொக்கி போட்ட பையன்களை நான் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலை மாதிரி. அட்டவணை சுவரில் தொங்கட்டும், தாளில் வேண்டாம்.

சொல்லுக்கு நான்கு கட்டம்

இது நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு. தாளை இரண்டு முறை மடித்துப் பிரித்தால் நான்கு கட்டம் கிடைத்துவிடும். நடுவில் சொல். ஒரு கட்டத்தில் அதன் பொருள் சொந்த வார்த்தையில், அடுத்ததில் படம், அடுத்ததில் எடுத்துக்காட்டு, கடைசியில் 'இது அது அல்ல' என்பதற்கு ஒன்று. கடைசிக் கட்டத்தில்தான் உயிர் இருக்கிறது. 'சிக்கனம்' என்று ஒரு முறை கொடுத்தபோது 'அல்ல' கட்டத்தில் பாதிப் பேர் 'ஊதாரித்தனம்' என்று எதிர்ச்சொல்லை எழுதினார்கள். ஒரு பெண் மட்டும், "தாத்தா கரண்ட் இருந்தும் ஃபேன் போட மாட்டார்" என்று எழுதியிருந்தாள். சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவில் கோடு எங்கே என்று அரை மணி நேரம் வகுப்பு சண்டை போட்டது. அகராதியில் பார்த்து எழுத வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

வாரத்துக்கு இரண்டு சொல் போதும். பாடத்தின் பின்னால் இருக்கும் அருஞ்சொற்கள் எல்லாவற்றுக்கும் போட ஆரம்பித்தால் பிள்ளைகளுக்கும் சலிக்கும், உங்களுக்கும் சலிக்கும்.

கதை வரைபடம்: பாட்டியை யார் கேட்டார்கள்?

நான் அதிகம் நம்புவது இந்தத் தாளைத்தான். ஆறு கட்டம்: யார்? எங்கே? என்ன வேண்டும்? என்ன தடை? என்ன செய்தார்? கடைசியில் என்ன ஆயிற்று? இதைக் கற்றுக்கொடுக்கப் புதுக் கதை எடுக்காதீர்கள். கதையும் புதிது, தாளும் புதிது என்றால் பிள்ளை இரண்டிலும் தடுக்கும். எல்லோருக்கும் தெரிந்த கதை வேண்டும். பாட்டி வடை சுட்ட கதையைவிட வேறென்ன இருக்கிறது?

முதல் நாள் தாளே கிடையாது. கரும்பலகையில் ஆறு கட்டம் போட்டேன். "யார்?" என்றேன். காக்கா என்றான் ஒருவன். நரி என்றாள் ஒருத்தி. பாட்டி என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். முன்பெல்லாம் மூன்றையும் அதே கட்டத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்றைக்கு என்னவோ, "ஒருத்தர் பேர்தான் எழுதலாம். யாரை எழுதுறது?" என்று கேட்டுவிட்டேன்.

அங்கே ஆரம்பித்தது. நரியை எழுதினால் மூன்றாவது கட்டத்தில் 'வடை வேண்டும்' என்று வரும். தடை: வடை காக்கா வாயில், காக்கா மரத்தின் மேல். செய்தது: பாடச் சொன்னது. கடைசியில் வடை கிடைத்தது. கட்டங்கள் கச்சிதமாக நிரம்பின. காக்காவை எழுதிப் பார்த்தோம். வேண்டியது அதே வடை. ஆனால் கடைசிக் கட்டம் மாறிவிட்டது: வடை போச்சு. "அப்போ இது சோகக் கதையா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். எங்கள் வீட்டில் காக்கா வடையைக் காலில் வைத்துக்கொண்டு பாடும் என்று இன்னொருவன் சொன்னான். அந்தக் கதையும் ஊரில் ஓடுகிறது என்பதால் கடைசிக் கட்டத்தை இரண்டாகப் பிரித்தோம்.

பின்வரிசைப் பெண் விடவில்லை. "பாட்டிய எழுதுங்க டீச்சர்." சரி என்று எழுதினேன். யார்: பாட்டி. எங்கே: மரத்தடி. என்ன வேண்டும்: வடை விற்றுக் காசு. தடை: காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு. என்ன செய்தார்? வகுப்பு அமைதி. கதையில் பாட்டி அதற்கப்புறம் வருவதே இல்லையே! நாமும் இத்தனை வருடம் சொல்லியிருக்கிறோம், பாட்டியை யார் கேட்டார்கள்? ஐந்தாவது கட்டம் காலியாகவே நின்றது.

அந்தக் காலிக் கட்டத்தைத்தான் அன்று எல்லோரும் எழுதினார்கள். பாட்டி மறுநாள் வடைச்சட்டி மேல் வலை போட்டார். பாட்டி காக்காவுக்கு என்று தனியாக ஒரு வடை வைத்தார். பாட்டி நரிக்கு வடை விற்றார், நரியிடம் காசு இல்லை. மூன்று வரிக்கு மேல் எழுதாத பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதினார்கள். தாளின் வேலை இதுதான் என்று எனக்குத் தோன்றுவது: நிரம்பிய கட்டங்கள் கதை புரிந்ததைக் காட்டும், நிரம்பாத கட்டம் எழுத இடம் கொடுக்கும். எல்லாக் கட்டமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி நிரம்பினால் அது வரைபடத் தாள் அல்ல, பெரிய கோடிட்ட இடம், அவ்வளவுதான்.

நேரக் கணக்கு கேட்பவர்களுக்கு: நாற்பது நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் கட்டம், பதினைந்து நிமிடம் எழுத்து, ஐந்து நிமிடம் வாசித்துக் காட்டுவது. பேச்சைக் குறைத்தால் எழுத்து வராது. முதல் வாரம் முழுவதும் பேச்சும் கரும்பலகையும்தான். இரண்டாம் வாரம் நீங்களும் அவர்களும் சேர்ந்து. மூன்றாம் வாரம் இருவர் இருவராக. தனித் தாள் நான்காம் வாரத்தில்தான்.

கட்டத்திலிருந்து வரிக்கு

புதியவர்கள் பலரும் தடுமாறும் இடம் இது. கட்டங்கள் நன்றாக நிரம்பியிருக்கும். "இப்போ கதையா எழுதுங்க" என்றால் பிள்ளை கட்டத்தில் உள்ளதை அப்படியே கீழே படி எடுக்கும். காரணம் இரண்டு.

முதலாவது, தமிழில் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. 'போயிருச்சு' என்று நினைக்கிற பிள்ளை 'போய்விட்டது' என்று எழுத வேண்டும். நினைப்பதோடு சேர்த்து மொழிபெயர்க்கவும் வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் பிள்ளை நினைப்பதை நிறுத்திவிட்டுத் தெரிந்த நான்கு வாக்கியத்தை எழுதும். 'காகம் ஒரு பறவை. காகம் கருப்பு நிறம்.' பார்த்திருப்பீர்கள்.

எனவே கட்டத்துக்குள் பேச்சுத் தமிழை விட்டுவிடுங்கள். 'காக்கா வடைய தூக்கிட்டு போயிருச்சு' என்று இருக்கட்டும், சிவப்பு மையைத் தொடாதீர்கள். கட்டம் என்பது தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் திண்ணை மாதிரி. செருப்போடு உட்காரலாம்.

அடுத்த தாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு வரி. மேல்வரி 'நாம் சொல்வது', கீழ்வரி 'புத்தகம் சொல்வது'. மேலே 'காக்கா மரத்துல உக்காந்துச்சு', கீழே 'காகம் மரத்தில் உட்கார்ந்தது'. முதலில் இதை வாய்வழி விளையாட்டாகச் செய்யுங்கள். நீங்கள் வீட்டுத் தமிழில் சொன்னால் அவர்கள் புத்தகத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு இது செய்தி வாசிப்பதுபோல ஒரே குஷி. கொஞ்ச நாளில் நான்கைந்து மாற்றம் தானாகப் பிடிபடும்: 'மரத்துல' மரத்தில் ஆகும், 'நரிகிட்ட' நரியிடம் ஆகும், 'வந்துச்சு' வந்தது ஆகும், 'சொன்னாங்க' சொன்னார்கள் ஆகும், 'வடைய' வடையை ஆகும். இதற்கு மேல் மூன்றாம் வகுப்பில் தேவையில்லை. 'வடையைத் தூக்கி' என்பதில் வரும் 'த்' எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை ஐந்தாம் வகுப்பில் வைத்துக்கொள்ளலாம். அதையும் இலக்கணமாகச் சொல்லாமல், வாசிக்கும்போது நின்று காட்டினால் போதும்.

இரண்டாவது காரணம், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் பாலம் இல்லை. அதனால் ஒன்று வாக்கியங்கள் தனித்தனியாக நிற்கும், அல்லது எல்லாவற்றையும் ஒரே ஒரு சொல் இழுத்துக்கொண்டு போகும்: அப்புறம். ஒரு முறை ஒரு பையனின் அரைப்பக்கக் கதையில் எண்ணினேன், பதினான்கு அப்புறம். அதற்குத்தான் கட்டங்களுக்கு இடையில் ஒரு சின்ன வட்டம் போட்டு, தாளின் அடியில் ஐந்து சொல் எழுதிவிடுங்கள்: ஒரு நாள், உடனே, ஆனால், அதனால், கடைசியில். வட்டத்தில் எது வரும் என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தடை கட்டத்துக்கு முன்னால் 'ஆனால்' வரும், முடிவுக்கு முன்னால் 'கடைசியில்' வரும் என்று சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு கதைக்கு இரண்டு 'அப்புறம்' அனுமதி என்று நான் விதி வைத்திருக்கிறேன். கடன் கேட்டு வருவார்கள்: "டீச்சர், நாளைக்குக் கதையில ஒரு அப்புறம் குறைச்சுக்கிறேன்."

ஒப்பிட்டு எழுத

காகத்தையும் குயிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் எல்லோருக்கும் தெரியும், பேச விஷயம் இருக்கிறது. குயில் கூடு கட்டாது, காக்கைக் கூட்டில் முட்டையிடும். ஆண் குயில் கருப்பு, பெண் குயிலோ பழுப்பில் வெள்ளைப் புள்ளி. இதைச் சொன்னால் பாதி வகுப்பு நம்பாது, அது நல்லதுதான்.

இரட்டை வட்டம் போடாதீர்கள், குறைந்தபட்சம் மூன்றாம் வகுப்பு வரைக்கும். வட்டங்கள் வெட்டும் இடத்தில் கிடைக்கும் அந்தக் கண் வடிவ இடுக்கில் 'இரண்டும் பறக்கும்' என்று எழுதுவதற்குள் எழுத்து வெளியே வழிந்துவிடும். அதற்குப் பதில் மூன்று பத்தி: காகம் மட்டும், இரண்டும், குயில் மட்டும். அடியில் எழுத்துக்கு ஒரு கைப்பிடி: 'காகமும் குயிலும் ______. ஆனால் காகம் ______, குயிலோ ______.' அந்த 'ஓ' ஒன்று போதும், வாக்கியம் தானாக நிமிர்ந்துகொள்ளும்.

'தெரிந்தது, தெரிய வேண்டியது, தெரிந்துகொண்டது' என்ற மூன்று பத்தித் தாளும் பிரபலம். 1986-இல் டோனா ஓகிள் கட்டுரை வாசிப்புக்காக உருவாக்கியது. சின்ன வகுப்பில் நடுப்பத்தி காலியாகவே கிடக்கும். 'என்ன தெரிஞ்சுக்கணும்?' என்று கேட்டால், நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று முகத்தைப் பார்ப்பார்கள். ஐந்தாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தாளைச் செய்யும்போது

கட்டத்தின் அகலம். இணையத்தில் இறக்கும் ஆங்கிலத் தாள்களில் கட்டம் சின்னதாக இருக்கும், அந்த மொழிக்கு அது போதும். நமக்கு 'விளையாடிக்கொண்டிருந்தது' ஒரே சொல், பன்னிரண்டு எழுத்து. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்தில் அது தாளின் அகலத்தையே தின்னும். தாளைக் குறுக்குவாக்கில் திருப்பி, ஒரு வரிசைக்கு இரண்டு கட்டம் என்று போடுங்கள். கட்டத்துக்குள் கோடு இருக்கட்டும். கோடில்லாத கட்டத்தில் எழுத்து மேலே ஏறிக்கொண்டே போகும்.

ஒரு தாளில் ஒரு வேலை. மேலே ஒரு வரியில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள், அதையும் வாசித்துக் காட்டுங்கள். தாளின் மூலையில் பூ, பலூன், சிரிக்கும் சூரியன் எல்லாம் வேண்டாம். பிள்ளை முதலில் சூரியனுக்கு வண்ணம் அடிக்கும், மணி அடித்துவிடும். நகலெடுத்தால் அந்தப் படமெல்லாம் கருப்புத் திட்டாகத்தான் வரும் என்பது வேறு விஷயம்.

எழுத்துருவில் ஒரு எச்சரிக்கை. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பை ஜெராக்ஸ் கடைக் கணினியில் திறந்தால் புரியாத குறிகளாக வந்து நிற்கும். யூனிகோடில் அடியுங்கள், பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு போங்கள். முதல் இரண்டு வகுப்புக்கு எழுத்து 24 புள்ளிக்குக் குறைய வேண்டாம். வளைந்து நெளியும் அழகு எழுத்துருவும் வேண்டாம். பாடநூலில் ண எப்படி இருக்கிறதோ தாளிலும் அப்படியே இருக்கட்டும்.

வீட்டுக்குத் தாள் கொடுத்து அனுப்பினால் இன்னொரு வேடிக்கை நடக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்த தாத்தா பாட்டி உதவினால் 'லை', 'னை' எல்லாம் துதிக்கையோடு திரும்பி வரும். தப்பு என்று அடித்துவிடாதீர்கள். ஒரு நாள் அந்தத் துதிக்கை எழுத்தைப் பலகையில் போட்டு, தாத்தா காலத்து எழுத்து என்று சொல்லிக்கொடுங்கள். அதைக் கொண்டுவந்த பிள்ளைக்கு அன்றைக்குப் பெருமை தாங்காது.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு தாள் என்றால் வாரத்துக்கு நூற்றைம்பது. தேவையே இல்லை. மூன்றில் இரண்டு நாள் வெள்ளைத்தாளை மடித்தாலே கட்டம் வந்துவிடும்: இரண்டு மடிப்புக்கு நான்கு, மூன்று மடிப்புக்கு எட்டு. மடிப்பதே சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. எழுத்துக் கட்டத்துக்குச் சிலேட்டு போதும். கதை வரைபடத்தைச் சாக்பீஸால் தரையில் பெரிதாகப் போட்டுப் பிள்ளைகளையே கட்டத்தில் நிற்க வைக்கலாம். காக்காவாக நிற்பதற்கு அடிதடி நடக்கும். ஒரே தாளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த, அதைக் கண்ணாடி உறையில் செருகி மார்க்கரால் எழுதி, பழைய துணியால் துடைக்கலாம். முடித்த தாள்களைக் கட்டிவைக்காமல் கம்பிப்பந்தலில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். அடுத்தவன் என்ன எழுதினான் என்று நின்று வாசிப்பார்கள்.

ஒரே அறை, மூன்று நிலை

ஈராசிரியர் பள்ளியில் ஒரே அறையில் மூன்று வகுப்பு உட்கார்ந்திருக்கும். தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பதால் இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லோருக்கும் ஒரே கதையைச் சொல்லுங்கள், தாளை மட்டும் மூன்றாக்குங்கள். அரும்புக்குக் கட்டத்தில் படம் இருக்கும், பக்கத்தில் சொல் மட்டும் எழுதினால் போதும். மொட்டுக்குக் கட்டத்தில் கேள்வி இருக்கும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும். மலருக்கு வெறும் கட்டம், வட்டத்தில் இணைப்புச் சொல்.

மூன்று தாளுக்கும் ஒரே தலைப்பு, ஒரே அமைப்பு இருக்கட்டும். பார்த்த உடனேயே 'இது சின்னப் பிள்ளைத் தாள்' என்று தெரிந்தால், அதைப் பெற்ற நான்காம் வகுப்புப் பையன் தாளை மேசைக்கு அடியில் ஒளித்துவிடுவான். அப்படி ஒளித்த தாள்களை வகுப்பு பெருக்கும்போது நானே எடுத்திருக்கிறேன்.

திருத்துவது, பிறகு விலக்குவது

வரைபடத் தாளைத் திருத்த வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டத்தைத் தொட்டு, "இதைப் பத்தி இன்னும் சொல்லு" என்று கேளுங்கள். சொன்னதை அவனே கட்டத்தில் சேர்க்கட்டும். பிழை பார்ப்பது முழுக் கதை எழுதிய பிறகு. அதிலும் ஒரு தடவைக்கு ஒரே ஒரு வகை. இந்த வாரம் ஒற்று, அடுத்த வாரம் ல, ள, ழ. எல்லாப் பிழையையும் ஒரே நாளில் சுழித்தால் அந்தத் தாளைப் பிள்ளை இரண்டாவது முறை பார்க்காது. எழுதியதை உங்களிடம் வாசித்துக் காட்டச் சொன்னால் பாதிப் பிழையை அவனே நிறுத்தித் திருத்திக்கொள்வான். வாசிக்கும்போதுதான் காது கேட்கும்.

ஒரே தாளை வருடம் முழுக்கக் கொடுக்காதீர்கள். ஆறேழு கதை ஆனதும் கட்டங்களின் தலைப்பை எடுத்துவிடுங்கள், வெறும் கட்டம் இருக்கட்டும். அப்புறம் அச்சிட்ட தாளையே நிறுத்திவிட்டு, நோட்டின் இடது பக்கத்தில் அவர்களே கட்டம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சிலர் கட்டம் போடாமலே எழுத ஆரம்பிப்பார்கள். விட்டுவிடுங்கள். சிலருக்கு ஐந்தாம் வகுப்பு முடியும் வரைக்கும் கட்டம் தேவைப்படும், அதையும் பிடுங்க வேண்டாம்.

போன ஜனவரியில் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி ஸ்கேலோடு என் மேசைக்கு வந்தாள். "டீச்சர், ஆறு கட்டம் பத்தல. இந்தக் கதையில ரெண்டு தடவ தடை வருது. எட்டு போட்டுக்கவா?"

"போட்டுக்கோ" என்றேன்.